பூஜையில் வைத்த கையுறை

யார் என்ன கேட்டாலும் "நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிடுவது தாசையனின் பழக்கம். என்ன கேட்டார்கள் என்று யோசிப்பது அதற்கப்புறம்தான். சர்ச்சில் கல்யாணப் பந்தலுக்கு விளக்குப் போட ஆள் வேண்டும் என்றாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டும் என்றாலும் சரி, பதில் ஒன்றுதான். "உனக்க அப்பன் ஊருக்கெல்லாம் பாத்துக்கிட்டு, நம்ம வீட்டு ஓட்டைய மட்டும் பாக்காம உட்டாச்சு" என்று மழைக்காலத்தில் ஒழுகுகிற இடத்தில் சருவத்தை வைத்துக்கொண்டே மகளிடம் சொல்வாள் அவர் மனைவி சரோஜம். இதைக் கெட்ட பழக்கம் என்றும் சொல்ல முடியாது. கெட்ட பழக்கமாக இருந்திருந்தால் யாராவது திருத்தியிருப்பார்கள்.

சொந்த ஊர் பாறசாலை. வாழையும் மரச்சீனியும் போட்ட கொஞ்சம் நிலத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோருக்கும் வேலை இல்லாததால், மீசை முளைத்த வயதில் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறினார். ஆரியசாலையில் லாரி பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் கொட்டகை ஒன்றில் வேலை கிடைத்தது. அந்தக் காலத்தில் பேட்டரிக்காரனை அவன் சட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஆசிட் தெறித்துத் தெறித்துச் சல்லடையாக இருக்கும். பெண் பார்க்கப் போன அன்றுகூடத் தாசையனின் நல்ல சட்டையில் மூன்று ஓட்டை இருந்ததாகச் சரோஜம் இன்றைக்கும் சொல்வாள்.

அந்தக் கொட்டகையிலிருந்து அவரை மீட்டுக்கொண்டு வந்தவர் பிச்சுமணி. வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். ஒரு கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஆரியசாலைச் சந்து ஒன்றில் மொத்த வியாபாரக் கடைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார். கரண்ட் போனதும் கம்ப்யூட்டரும் ஆஸ்பத்திரி மிஷினும் அணைந்துவிடாமல் தாங்கிப் பிடிக்குமே யு.பி.எஸ்., அதன் பேட்டரிகளை மாற்றிக் கொடுக்கும் தொழில். பாங்கிகள், ஆஸ்பத்திரிகள், லிஃப்ட் வைத்த கட்டடங்கள் எல்லாம் வாடிக்கை.

பிச்சுமணி பயந்த சுபாவக்காரர். ஊரில் பயந்தவனைக் கேலி செய்வார்கள். இந்தத் தொழிலில் பயந்தவனிடம்தான் வேலைக்குச் சேர வேண்டும் என்பது என் கட்சி. வேலைக்குப் போகிறவன் மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும். முழுக்க ரப்பர் போர்த்திய ஸ்பேனர், முழங்கை வரை வரும் கையுறை, முகத்தை மறைக்கும் கண்ணாடித் தடுப்பு, எல்லாம் அந்தச் சந்திலேயே முதன்முதலாக வாங்கியவர் அவர்தான். "தனியா இருந்தா பூனைடா பேட்டரி. வரிசையா கோத்துட்டா புலி. புலிகிட்டப் போறச்சே மாப்பிள்ளை மாதிரி மோதிரம் போட்டுண்டு போவாளோ?" என்பார். அவரைச் சிரித்துக்கொண்டே பார்ப்பார் தாசையன், ஆனால் சொன்னபடி கேட்பார். அந்தக் கடைக்கு வந்த பிறகு அவர் சட்டையில் புதிதாக ஓட்டை விழவில்லை.

இருவருக்கும் நடுவில் ஒரு மரியாதை இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான் இருந்தது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தால், பிச்சுமணி வேட்டி அங்கவஸ்திரத்தோடு பாறசாலைக்குப் போய் ஏலத்தில் ஒரு வாழைக்குலையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு எடுப்பார். தாசையனின் தலை அன்று சபைக்கு நடுவில் ஓர் அங்குலம் உயர்ந்திருக்கும். பதிலுக்குத் தாசையன் சரஸ்வதி பூஜைக்குக் கடையில் எல்லாவற்றையும் முன்னின்று செய்வார். அஷ்டமி அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, கருவிகளை ஒன்றொன்றாகத் துடைத்து, பின்னறையில் படத்துக்கு முன்னால் வாழையிலையில் அடுக்கி வைப்பார். பிச்சுமணியின் மனைவி சுப்புலக்ஷ்மி வந்து சந்தனமும் குங்குமமும் இட்டு விளக்கேற்றுவாள். அதன் பிறகு விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும் வரை எதையும் தொடக் கூடாது. தாசையன் அந்த நாட்களில் தன் வீட்டுத் திருப்புளியைக்கூடத் தொடுவதில்லை.

வெறும் ஸ்பேனரும் மீட்டரும் வைத்தால் போதாதா? போதாது என்றார் பிச்சுமணி. கையுறையையும் கண்ணாடித் தடுப்பையும் வைக்கச் சொன்னவரே அவர்தான். "உசிரக் காப்பாத்தறது எதுவோ அதுதான்டா ஆயுதம். அதுக்கு இல்லாத பூஜை எதுக்கு?" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ரெனி தாசையனின் ஒரே மகள். அவள் புருஷன் சஜி. வளைகுடாவில் வேலை போய்த் திரும்பி வந்தவன், ஆட்டோ ஓட்டிப் பார்த்தான், சரிப்படவில்லை. தாசையன் அவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டார். ரெனிக்கு அது பிடிக்கவில்லை. சின்ன வயதில் அப்பாவின் கையில் கொப்புளம் பார்த்து வளர்ந்தவள். "வேற ஏதாவது ஜோலி நோக்கலாமே அப்பா" என்றாள். தாசையன் வழக்கம்போலச் சொன்னார்: "நான் கூட இருக்கேன் மக்ளே. நான் பாத்துக்கிடுதேன்."

சஜி வேலையைச் சுறுசுறுப்பாகக் கற்றுக்கொண்டான். மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான். நல்ல மருமகன் என்று ஊரே சொன்னது.

போன வருஷம் நவமி அன்று காலை, நகரத்தில் ஒரு டயாலிசிஸ் நிலையத்திலிருந்து பிச்சுமணிக்குப் போன் வந்தது. யு.பி.எஸ். அலாரம் நிற்காமல் அடிக்கிறது, பேட்டரிகள் ஊதிவிட்டன, நோயாளிகள் மிஷினில் படுத்திருக்கிறார்கள், மழை வேறு மூடிக்கொண்டு நிற்கிறது, கரண்ட் எந்த நிமிஷமும் போகலாம் என்று அங்கே மேனேஜராக இருந்த பிஜு பதறினான். பிச்சுமணி உடனே தாசையனைக் கூப்பிட்டார்.

"தாசையா, முடியாதுன்னு சொல்லற எடமில்லை. ரத்தம் வெளில ஓடிண்டிருக்கற மனுஷா. ஆனா நம்ம சாமானெல்லாம் பூஜைல இருக்கேடா..."

இந்த இடத்தில் பிச்சுமணி நிறுத்தினார். மறுமுனையில் அவர் மூச்சு விடுவது கேட்டது. தாசையன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

"சாமி வெப்ராளப்படாதீங்க, பதறாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"வேற செட்டு இருக்கோ?"

"நான் பாத்துக்கிடுதேன் சாமி."

பிச்சுமணி போனை வைத்தார்.

புதுப் பேட்டரிகள் கடையின் முன்பக்கத்தில் இருந்தன. சாவி எப்போதும் தாசையனிடம்தான் இருக்கும். சஜியோடு போய் ஷட்டரைத் தூக்கி, பேட்டரிகளைச் சின்ன லாரியில் ஏற்றினார்கள். பின்னறைக் கதவு சாத்தியிருக்கவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாழையிலையில் ரப்பர் ஸ்பேனர்கள், பக்கத்தில் கையுறை, அதன் ஒவ்வொரு விரலிலும் சந்தனப் பொட்டு. கண்ணாடித் தடுப்பின் நெற்றியில் குங்குமம்.

சஜி வாசலில் நின்று பார்த்தான். "மாமா, அத எடுக்காம என்னத்த வெச்சு ஜோலி செய்ய?"

"பூஜையில இருக்கதத் தொடப்பிடாது மக்ளே."

"சாமிகிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாப்பமா?"

தாசையன் யோசித்தார். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. "கேட்டா எடுன்னுதான் சொல்லுவாரு. பொறவு அவருக்க மனசு கெடந்து அடிக்கும். அந்தம்மா ஒருத்தி விரதத்தில இருக்கா. வேதக்காரன்தானே, அவனுக்கென்ன, சாமியா பூதமான்னு எடுத்துட்டாம்னு ஒரு பேச்சு வரப்பிடாது. இவ்வளவு வருசம் வராத பேச்சு."

சஜி வெளியே போனான். தன் பைக்கிலிருந்த சாதாரண ஸ்பேனரை எடுத்து, கறுப்பு டேப்பை அடியிலிருந்து நுனி வரை சுற்றிச் சுற்றி ஒட்டினான். தாசையனும் இன்னொன்றில் ஒட்டினார். மோதிரத்தைக் கழற்றி இருவரும் மறக்காமல் பிச்சுமணியின் மேஜையில் வைத்தார்கள். அந்த ஒழுங்கில் ஒரு குறையும் இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாயைத் திறக்காமலே கெட்டுப்போகிறவர்களுக்கு நம்மிடம் பழமொழி இல்லை.

டயாலிசிஸ் நிலையத்தில் பேட்டரி அறை என்று அவர்கள் சொன்னது படிக்கட்டுக்குக் கீழே ஒரு பொந்து. காற்றை வெளியே தள்ள வேண்டிய விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. பழைய பேட்டரிகள் ரேக்கில் வயிறு ஊதி, ஒன்றோடொன்று இறுகிப்போய் உட்கார்ந்திருந்தன. ஊதின பேட்டரி வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். மூடின இடத்தில் அதற்கு ஒரு பொறி போதும். இதெல்லாம் தாசையனுக்குத் தெரியாதா? தெரியும். கதவை அகலத் திறந்து வைத்தார். கொஞ்ச நேரம் காற்றாடட்டும் என்று நின்றார். பிஜு பின்னாலேயே வந்து நின்றான்.

"சேட்டா, கரண்ட் போயால் எல்லாம் தீர்ந்நு. ஒண்ணு வேகம்..."

அவன் மேல் கோபப்படவும் முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் கையில் குழாயோடு படுத்திருக்கிறார்கள். மாற்றி முடிக்கும் வரை அவர்கள் உயிர் வெறும் கரண்ட் கம்பியில் தொங்குகிறது. தாசையன் வேலையைத் தொடங்கினார்.

கீழ்த்தட்டை அவரே முடித்தார். மேல்தட்டுக்குக் கையைத் தூக்கியபோது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கொஞ்ச காலமாக இருக்கிற வலி. சஜி பார்த்துவிட்டான். "மாமா, நீங்க மாறுங்க. மேல்தட்டு நான் பாத்துக்கிடுதேன்" என்றான். வீட்டோடு இருந்து இருந்து அந்தப் பேச்சும் அவனுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. தாசையன் விலகிக்கொண்டார். அடுத்த பேட்டரியைத் தூக்கிக் கொடுப்பதற்காகக் குனிந்தார்.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் வெடிக்கிற பட்டாசு மாதிரி ஒன்று. வியர்வையில் டேப் நெகிழ்ந்து நழுவி, ஸ்பேனரின் வால் பக்கத்துப் பேட்டரியின் முனையில் பட்டிருக்கிறது. பொறி பறந்தது, மூடி தெறித்தது, உள்ளே இருந்தது சஜியின் முகத்தில் அடித்தது. தாசையன் நிமிர்ந்தபோது சஜி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "மாமா, வெள்ளம், வெள்ளம்" என்று தண்ணீர் கேட்டான்.

மிஷின்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் குழாய் பக்கத்து அறையில் இருந்தது. அவனை இழுத்துக்கொண்டு போய்க் குழாயின் கீழே தலையைப் பிடித்தார். ஒரு நர்ஸ் ஓடி வந்து இமைகளை விரித்துப் பிடித்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சஜி திமிறினான். தோள்வலி எங்கே போனதென்று தெரியவில்லை, தாசையன் அவனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டார். "கண்ண மூடாத மக்ளே, மூடாத, மூடாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வேறு செய்வதற்கும் எதுவும் இல்லை.

கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்தார்கள். வலது கண் தப்பிக்கும் போலிருக்கிறது, இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த 'இப்போது' எப்போது முடியும் என்று தாசையன் கேட்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ரெனி வேலை செய்யும் துணிக்கடையிலிருந்து அப்படியே வந்தாள். அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தாசையன் எழுந்து நின்றார். அவள் கத்தவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்று கேட்டாள்.

"நீங்க கூட இருந்தீங்கல்லே அப்பா?"

கூடத்தான் இருந்தார். ஒரு கை தூரத்தில் இருந்தார். அவள் குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டாள்.

பிச்சுமணி வந்தபோது அவர் நெற்றியில் பூஜை விபூதி அழியாமல் இருந்தது. மேல்துண்டு தோளில் நிற்காமல் சரிந்து சரிந்து விழுந்தது. தாசையன் நடந்ததைச் சொன்னார்.

"உள்ள போய் எடுத்துண்டு போகறதுக்கு என்னடா? சாவி உன் கைலதானே இருந்தது?"

"பூஜையில இருந்ததே சாமி."

"இருந்தா? கையக் காப்பாத்தத்தானே கையுறை? அவ சரஸ்வதிடா, அவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே ஓடி வந்து எடுத்துக் கொடுத்திருப்பேனே! கார்த்தால போன்ல வாய் வரைக்கும் வந்தது, எடுத்துக்கோடான்னு சொல்ல. நீ பாத்துக்கறேன் பாத்துக்கறேன்னே. வேற செட்டு இருக்கும்னு நெனச்சுண்டேன்." குரல் இறங்கியது. "இருக்கோன்னு ரெண்டாந்தரம் கேக்கலாம்னு இருந்தேன். கிறிஸ்தியானிப் பையன்கிட்ட நம்மாத்துப் பூஜையப் பெரிசு பண்றேன்னு நீ நெனச்சுடக் கூடாதேன்னு விட்டுட்டேன்."

தாசையன் அவரைப் பார்த்தார். எனக்கு இந்த இடத்தில்தான் ஆத்திரம் வருகிறது. சண்டைக்காரர்கள் இரண்டு பேராக இருந்திருந்தால் காலையிலேயே கத்தித் தீர்த்து, கையுறை சஜியின் கைக்குப் போயிருக்கும். ஒருவர் மனம் ஒருவர் நோகக் கூடாது என்று இரண்டு நல்ல மனிதர்கள் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதில் நடுவில் நின்ற மூன்றாமவன் கண் போயிற்று. யாரைப் போய்த் திட்டுவது?

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிச்சுமணி கையுறையும் தடுப்பும் புதிதாக வாங்கி அடுக்கினார். பூஜைக்குப் பழசை வைத்தால் போதும் என்றார். சுப்புலக்ஷ்மி தினமும் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினாள். பிஜு போன் செய்து சஜிக்கு எப்படி இருக்கிறது என்று உருக்கமாக விசாரித்தான், பிறகு மேல்தட்டில் பாக்கி இருக்கிற பேட்டரிகளை எப்போது மாற்ற வருவீர்கள் என்றும் கேட்டான். தாசையன் போனைப் பிச்சுமணியிடம் கொடுத்துவிட்டார். தாசையன் வாயிலிருந்து அந்தப் பழைய வார்த்தை வரவில்லை என்பதைச் சரோஜம்தான் கவனித்தாள்.

தாசையன் ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. மருந்துச்சீட்டை வாங்குவார், சொட்டு மருந்து விடும்போது சஜியின் தலையைப் பிடித்துக்கொள்வார், மீதி நேரம் கட்டில் பக்கத்தில் நிற்பார். சஜி நன்றாகவே பேசினான். "மாமா, போய்ச் சாயா குடிச்சிட்டு வாங்க" என்பான். "உங்களுக்க தோளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்பான். அன்றைக்குக் கடை வாசலில் தான் கேட்டதைப் பற்றி அவன் ஒரு தடவைகூட வாயெடுக்கவில்லை. ரெனியிடமும் சொல்லவில்லை என்று தெரிந்தது. சொல்லியிருந்தால் தாசையனுக்குச் சுமை குறைந்திருக்கும். தானாகச் சொல்லவும் துணிவில்லை. மருமகனின் மரியாதை அவரை அணு அணுவாகத் தின்றது.

கட்டைப் பிரித்துப் பார்க்கும் நாள் வந்தது. டாக்டர் நடுவயதுப் பெண், அதிகம் பேசாதவர். ரெனி கதவோரம் கையைக் கோத்துக்கொண்டு நின்றாள். தாசையன் சஜியின் நாற்காலிக்குப் பின்னால், இடது தோள் பக்கமாக நின்றார். முதலில் வலது கண். சிவந்திருந்தது, நீர் வடிந்தது, ஆனால் எதிர்ச் சுவரில் இருந்த பெரிய எழுத்துகளைச் சஜி தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டான். ரெனி, "ஸ்தோத்திரம்" என்றாள்.

டாக்டர் ஓர் அட்டையால் வலது கண்ணை மறைத்தார். இடது கண்ணுக்கு முன்னால், ஒரு முழ தூரத்தில், கையைத் தூக்கிப் பிடித்தார்.

"எத்ர விரல்?"

சஜி பார்த்தான். இமை இரண்டு முறை அடித்தது. கண்மணி இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக மங்கியிருந்தது. டாக்டரின் விரல்கள் தாசையனுக்குத் தெளிவாகத் தெரிந்தன. கண் தெரிகிற எவனுக்கும் தெரியும். உதடு தானாக அசைந்தது.

"ரெண்டு."

தனக்குள் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார்.

"ரெண்டு" என்றான் சஜி.

கதவோரம் ரெனி மூச்சு விட்டாள். டாக்டர் தலையைத் தூக்கித் தாசையனைப் பார்த்தார். கண்டிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் காப்பி அடிக்கக் கொடுத்த பையனைப் பார்க்கிற பார்வையும் இல்லை. "அச்சன் பறயண்டா" என்றார் மெதுவாக. நீங்கள் சொல்லாதீர்கள் என்று. விரல்களை மடக்கி, வேறு எண்ணிக்கையில் விரித்துப் பிடித்தார்.

"இப்போள்?"

தாசையன் உதட்டைக் கடித்துக்கொண்டார். ரெனி எட்டிப் பார்த்தாள்.

சஜி டாக்டரின் கையைப் பார்க்கவில்லை. மாமனாரின் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தான்.